அமே வயல்

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி மழைக்காலத்தில் இருந்த அளவுக்கு இல்லை. வைபரில் பேச ஆரம்பித்தால் "கேட்குதா அம்மா", "கேட்குதுப்பா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கரண்ட் வேறு எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியவில்லை. அதனால் பழையபடி தாளில் எழுதுகிறேன். ரங்கூனுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் மருமகளிடம் கொடு, அவள் படித்துவிடுவாள்.

பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்காக நீ எழுதி அனுப்பிய நம் குடும்பக் கதையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் வரியே தப்பு. "எங்கள் முன்னோர்கள் 1880-இல் பர்மாவுக்கு வந்து காடு வெட்டிக் கழனி ஆக்கினார்கள்" என்று எழுதியிருக்கிறாய். யாரப்பா உனக்குச் சொன்னது? கோயில் கும்பாபிஷேக மலர்களில் எல்லாக் குடும்பத்துக்கும் இப்படித்தான் ஒரு வரி போடுகிறார்கள், நீயும் அதையே எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. நம் குடும்பம் 1880-இல் வரவும் இல்லை, காடு வெட்டவும் இல்லை. அப்பாவை எழுதச் சொன்னேன். "ஐயா வந்தார், உழுதார், போய்ச் சேர்ந்தார், இதில் எழுத என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சரி, நானே எழுதுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள்தான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டது நான்தான்.

நம் வயலைக் காடு வெட்டித் திருத்தியது அமேயின் பாட்டனார். உனக்கு அமே ஞாபகம் இருக்கும். கிழக்குக் கடைசி வீட்டில், மூங்கில் தட்டியில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அவர்தான். பர்மாக்காரர் தாயைக் கூப்பிடும் பெயர் அது. ஊருக்கே அவர் அமே.

1852-இல் வெள்ளைக்காரன் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியத்துக்குத் தென்கிழக்கே, நம் சௌத்தான் வரைக்கும் புல்லும் சேறும் சதுப்புக் காடும்தான் அதிகமாம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி குறுகியது. அதுவரை வீட்டுச் சோற்றுக்கு விதைத்தவர்கள் கப்பலுக்கென்று விதைக்க ஆரம்பித்தார்கள். மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஐராவதியில் இறங்கி வந்தார்கள். அமேயின் பாட்டனார் அப்படி வந்தவர். 1876-இல் வந்த சட்டப்படி, காலி நிலத்தைத் திருத்தித் தொடர்ந்து 12 வருஷம் தீர்வை கட்டியவனுக்கு நிலத்தில் உரிமை உண்டு. 12 வருஷம் என்று எழுதிவிடுவது சுலபம். வேரைத் தோண்டி எரித்து, ஓடையிலிருந்து உப்புத் தண்ணீர் ஏறாமல் கரை போட்டு, காய்ச்சலில் படுத்து எழுந்து, அதற்குள் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார்களாம். அவர்கள் போட்ட கரையைத்தான் நாம் இன்றைக்கும் பெரிய வரப்பு என்கிறோம். அதில்தான் நீ சைக்கிள் பழகினாய், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாய்.

காடு வெட்டச் சும்மா கை போதாது. மாடு வேண்டும், விதை வேண்டும், அறுப்புவரை அரிசி வேண்டும். அந்தப் பணம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமிருந்து வந்தது. எனக்குக் கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியார், இளவயதில் செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்தவர். 1965-இல் தனியார் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, மண்டபம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அ, ஆ எழுதிப் பழகும்போதே பேரேடு, புரோநோட்டு, செட்டியார்கள் கடை வைக்கும் கிட்டங்கி என்கிற சொல்லெல்லாம் எங்களுக்குப் பாடமாகிவிட்டது! ஊரில் இருக்கும் முதலாளிக்காக இங்கே ஏஜெண்டு கடை நடத்துவார், மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் கப்பல் ஏறிவிடுவார், அடுத்த ஏஜெண்டு வருவார். வாத்தியார் சொல்வார்: "செட்டியாருக்கு வயல் வேண்டாம், வட்டிதான் வேண்டும். வயலைக் காரைக்குடிக்குச் சுருட்டிக்கொண்டா போக முடியும்?" அவர் கடையில் உப்புத் தின்றவர், அவர் அப்படித்தான் சொல்வார். ஆனாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இப்போது ஐயாவுக்கு வருகிறேன். உன் தாத்தா வந்தது 1927-இல், பதினேழு வயதில். ராமநாதபுரம் பக்கம் கண்மாய் வறண்டு கிடந்த நேரம் என்று மட்டும் சொல்வார். மேஸ்திரி ஒருவர் கப்பல் கூலியை முன்பணமாகக் கட்டிக் கூட்டிவந்தார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து பர்மாவுக்கு நாலு லட்சம் பேருக்கு மேல் வந்தார்களாம். ஐயா அதில் ஒரு தலை. கார்த்திகை முதல் தை வரை அறுப்பு, அறுப்பு முடிந்ததும் ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்குவது, மறுபடி அறுப்பு. மூன்று வருஷம் அப்படி ஓடியிருக்கிறது. நம் ஊருக்கு அவர் முதலில் வந்தது அரிவாளோடு, அமேயின் அப்பா வயலில் கூலிக்கு அறுக்க. இதை மறக்காமல் எழுது.

1930-இல் நெல் விலை விழுந்தது. மே மாதம் பெகுவில் பூகம்பம், அதே மாதக் கடைசியில் ரங்கூன் துறைமுகத்தில் கூலிகளுக்குள் வெட்டுக்குத்து, டிசம்பரில் தாராவடியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. வருஷமே சரியில்லை. ஆனால் நம் ஊரைக் கவிழ்த்தது நெல் விலைதான். நூறு கூடை இன்ன விலை என்றுதான் ரங்கூனில் பேசுவார்கள். அது பாதிக்கும் கீழே போய்விட்டது. வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது, வட்டி ஏறுகிறது. 2017-இல் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் இறக்குமதி வரம்பு வைத்தபோது நாம் பட்டோமே, கொட்டகை நிறைய உளுந்தை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாரே, அதைப் போலப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள். எங்கோ யாரோ எடுத்த முடிவு, இங்கே நம் அடுப்பில் வந்து விழுகிறது.

அமேயின் அப்பா அடமானம் வைத்த 24 ஏக்கரும் 1932-இல் கிட்டங்கிக்குப் போயிற்று. அவர்கள் மட்டும் இல்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், ஏழெட்டு வருஷத்தில் நாலில் ஒரு பங்காகிவிட்டது. வேண்டாத வயல் கையில் வந்து விழுந்தபோது ஏஜெண்டுகளுக்கு உழ ஆள் வேண்டியிருந்தது. தமிழ் பேசுகிற ஆள், கையெழுத்துப் போடத் தெரிந்த ஆள், ஓடிப்போகாத ஆள். ஐயாவுக்கு 12 ஏக்கர் குத்தகைக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆடியில் அமேயின் அப்பா அதே வயலுக்கு நாற்றுப் பிடுங்கக் கூலிக்கு வந்தார். சாயங்காலம் கூலியை எண்ணிக் கொடுத்தது ஐயா.

இதை எனக்கு ஐயா சொல்லவில்லை. அப்பத்தாவும் சொல்லவில்லை. நான் கல்யாணமாகி வந்து ஐந்தாறு வருஷம் கழித்து, ஐயா காலமான பிறகு, நாப்பிக்கு மீன் இடித்துக்கொண்டிருந்த அமே என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அப்போது அவருக்கு எட்டு, ஒன்பது வயது இருக்குமாம். "கூலியை வாங்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவே இல்லை" என்றார். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, உலக்கையை வாங்கி நானும் நாலு இடி இடித்தேன்.

நம் வீட்டுப் பரணில் ஒரு கூடை இருக்கிறதே, அடியில் தார் பூசி, வாயைப் பிரம்பால் கட்டியது. நீ சின்னப் பையனாக இருக்கும்போது அதற்குள் உட்கார்ந்து படகு விடுவாய். அது ஐயாவின் அளவுக் கூடை. சர்க்கார் கணக்கில் ஒரு கூடை என்றால் 46 பவுண்டு நெல். கிட்டங்கி வாசலில் அளக்கும் கூடை அதைவிட வாய் அகன்றது. இங்கே நூறு கூடை என்று அளந்து வண்டியில் ஏற்றினால் அங்கே தொண்ணூற்றிரண்டோ மூன்றோதான் தேறும். எந்தக் கடை என்று கேட்காதே, மூன்றெழுத்து விலாசம், அதாவது கடைப்பெயர், அவ்வளவுதான். சண்டை போட்டால் வயல் போய்விடும். அதனால் ஐயா தன் கூடையில் ஒரு முறை அளந்து பார்த்துக்கொள்வார், எவ்வளவு போயிற்று என்றாவது தெரியட்டும் என்று. வருஷத்துக்கு ஒன்றாகக் கத்தியால் கீறிய கோடுகள் பிரம்பில் இருக்கின்றன. தொட்டுப் பார்த்தால் விரலுக்குத் தெரியும்.

அந்தக் கூடையில் அளக்கும் முதல் கூடை நெல் வண்டியில் ஏறாது. அது அமே வீட்டு வாசலுக்குப் போகும். முதல் வருஷமே தொடங்கியிருக்கிறார். ஒரு பேச்சும் கிடையாது, வைத்துவிட்டு வந்துவிடுவாராம். முதல் இரண்டு வருஷம் அந்த நெல் வாசலிலேயே கிடந்து கோழி தின்றது. மூன்றாம் வருஷம் யாரோ உள்ளே எடுத்து வைத்தார்கள். நாம் இன்றைக்கும் அறுப்பு முடிந்ததும் அங்கே ஒரு கூடை அனுப்புகிறோம் இல்லையா? அதைப் புத்த பிக்குகளின் பொங்கி மடத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நீ ஒரு தடவை சொன்னாய். மடத்துக்குத் தனியாகப் போகிறது.

அப்புறம் யுத்தம். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. மார்ச்சில் ஜப்பான்காரன் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று சிரியம் எண்ணெய் ஆலையை வெள்ளைக்காரர்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். பகலில் விளக்கு ஏற்றும்படி வானம் கறுத்துவிட்டதாம், வைக்கோல் போரெல்லாம் கரி. செட்டியார் கடை ஆட்கள் அதற்கு முன்பே கப்பலில் போய்விட்டார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஐயாவின் அண்ணன் புரோம் போய், அங்கிருந்து டவுங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கு நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்தார். போனவர் போனவர்தான், ஒரு கடிதாசு இல்லை. அந்த வருஷம் நடந்தும் கப்பலிலும் வெளியேறியவர்கள் ஐந்து லட்சம் பேர் இருக்கும் என்கிறார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஐயாவும் மூட்டை கட்டினார். அப்பத்தாவுக்கு அப்போது கைக்குழந்தை. அமேயின் அம்மா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "இதைக் கொடுக்க மாட்டேன், நீங்கள் வேண்டுமானால் போங்கள்" என்றாராம். அப்பத்தாவுக்கு முகம் முழுக்கப் பர்மாப் பெண்கள் பூசும் தனக்காச் சாந்து பூசி, கைலி கட்டிவிட்டு, நெற்குதிருக்குப் பின்னால் ஒன்றரை மாதம் வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைதான் உன் பெரியத்தை.

யுத்தம் முடிந்து ஏஜெண்டு ஒருவர் திரும்பி வந்து நாலு வருஷக் குத்தகைப் பாக்கியைக் கேட்டது தனிக்கதை, அதை விடு. 1948-இல் சுதந்திரம். நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் அந்த வருஷமும் 1953-இலும் வந்தது. செட்டியார் நிலமெல்லாம் போயிற்று. நல்லது, உழுகிறவனுக்கு நிலம் என்று ஐயா சந்தோஷப்பட்டிருக்கிறார். ஆனால் நிலம் பர்மாக் குடிகளுக்குத்தான். குடியுரிமைக்கு மனு போடச் சொன்னபோது, "என்றைக்கானாலும் ஊருக்குப் போகத்தானே போகிறோம்" என்று போடாமல் விட்டவர்களில் ஐயாவும் ஒருவர். கையில் இருந்தது அன்னியர் பதிவுச் சீட்டு. ஊர்த் தலைவரான தூஜி வீட்டில் பட்டியல் எழுதும்போது 12 ஏக்கருக்கு நேராக யார் பெயரைப் போடுவது என்று கேட்டார்கள். அமே, "என் பெயரைப் போடு, உழுவது அவர்" என்றார். எட்டு ஏக்கர் நாம், நாலு ஏக்கர் அவர்கள். அப்படியே அறுபது வருஷம். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், உங்கள் பாட்டனார் திருத்திய நிலம், சட்டமே உங்கள் பக்கம் வந்தது, முழுதும் எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று. அமே சுருட்டை எடுத்துவிட்டு, "உன் மாமனார் கூடை வைத்தாரே" என்றார். அதற்குமேல் கேட்டால் சிரிப்பார்.

1964 உனக்குத் தெரிந்த கதைதான். கடைகளைத் தேசியமயமாக்கினார்கள், மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுச் செல்லாது என்றார்கள். நம் ஊரில் பதினாலு தமிழ் வீடு இருந்தது, இரண்டு வருஷத்தில் ஐந்தாயிற்று. காசும் நகையும் கொண்டுபோக விடாததால் பித்தளைப் பாத்திரமெல்லாம் நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் திருச்சியில், சிலர் மெட்ராஸ் வியாசர்பாடியில் என்று கேள்வி. போனவர்கள் பெயர் எல்லாம் வயலில் நிற்கிறது. மேஸ்திரி துண்டு, கணக்கப்பிள்ளை பள்ளம், வளையல்காரி மேடு என்று அப்பா சொல்கிறாரே, அதெல்லாம் ஆட்கள். வளையல்காரி மேட்டில் இப்போது உழுவது ஒரு கரேன் குடும்பம், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதை "வலேகாரி" என்றுதான் சொல்கின்றன. என்ன அர்த்தம் என்று அதுகளுக்குத் தெரியாது. பாப்பாவின் பாடத்தில் இதைச் சேர்த்தால் அவளுக்குப் பிடிக்கும்.

அப்புறம் அரசாங்கத்துக்குக் கட்டாய நெல் கொடுத்த காலம், 2003 வரை அந்தத் தொல்லை. எழுதினால் எனக்கே கோபம் வரும்.

நர்கீஸ் புயல் அடித்த 2008 மே மாதம் நீ சிங்கப்பூரில் இருந்தாய். நாங்கள் சொன்னது பாதிதான். ஓடை பெரிய வரப்பைத் தாண்டி ஏறி, வடிந்தபோது வயல் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, தயிர் காய்ந்த மாதிரி. அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அமேக்கு அப்போது எண்பத்து நாலு வயது. கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். மடையைத் திறந்து வை, மழைத் தண்ணீரைக் கட்டு, இறங்கு தண்ணீரில் வடி, மறுபடி கட்டு என்றார். ஒவ்வொரு மழைக்கும் வந்து நாக்கில் வைப்பார், துப்புவார், "இன்னும் ஒரு மழை" என்பார். ஆவணியில் ஒரு நாள் துப்பவில்லை. அன்றைக்கு நாற்று இறக்கினோம். அந்த வருஷம் விளைந்தது கொஞ்சம்தான், ஆனால் விளைந்தது.

2012-இல் புது விவசாய நிலச் சட்டம் வந்து ஃபாரம் 7 கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காகிதம் இருந்தால் நிலத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம். பக்கத்திலேயே திலாவாத் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு, நில விலை எகிறிக்கொண்டிருந்த நேரம். அப்பாவிடம் அதற்குள் குடியுரிமை அட்டை இருந்தது, நிலம் மட்டும் அமே பெயரில். அப்பா போய்க் கேட்கக் கூச்சப்பட்டார். ஒரு நாள் காலையில் அமேயே சைக்கார் (சைக்கிள் ரிக்‌ஷா) வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "வா, ஆபீசுக்குப் போகலாம், நான் செத்துவிட்டால் என் பேரன்கள் வேறு மாதிரி" என்றார். கட்டைவிரலில் மை தடவி ஐந்து இடத்தில் வைத்தார். எட்டு ஏக்கர் அப்பா பெயருக்கு வந்தது 2013-இல்தான். அதாவது நம் வயல் நமக்குச் சட்டப்படி நம்முடையதாகிப் பதின்மூன்று வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. 1880 எங்கே!

அமே போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. அவர் சொன்ன மாதிரி பேரன்கள் வேறு மாதிரியெல்லாம் இல்லை. நாலு ஏக்கரை அவர்கள் உழுவதும் இல்லை. 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபிறகு பையன்கள் இரண்டு பேரும் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள், ஊரில் நடவுக்கு ஆளே இல்லை. பேத்தி மட்டும் ரோட்டோரம் மீன்குழம்புச் சேமியா விற்கும் மொய்ங்காக் கடை வைத்திருக்கிறாள். அவர்கள் நாலையும் அப்பாதான் உழுகிறார், குத்தகை அளந்து கொடுக்கிறோம். வருஷம் முழுக்க நெல் கொடுத்தாலும் அந்த முதல் கூடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த அறுப்பில் கூடையை எடுத்தபோது அடிப்பக்கம் பிய்ந்து வந்துவிட்டது. பின்னத் தெரிந்த கிழவர் சௌத்தானில் ஒருவர்தான் இருக்கிறாராம், அவரிடம் கொடுத்திருக்கிறேன். பிரம்பைத் தொடாதே, கோடு இருக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். பாப்பாவுக்குப் படம் வேண்டுமென்றால் வந்ததும் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ முதல் வரியைத் திருத்தி எழுதி எனக்கு அனுப்பு. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கோடாலித் தைலம் இரண்டு புட்டி கொடுத்துவிடு, ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அமேயின் மகளுக்கு. அவளுக்கும் முழங்கால்தான்.

அன்புடன்,
அம்மா